ஹியரிங் எய்டைக் கழற்றியாயிற்றா என்று கேட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், தலை வழியாகச் சில நொடி மின்சாரம் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்வு சிகிச்சை (ஷாக் என்று பேச்சில் சொல்வது) பற்றி ஒரு மனநல மருத்துவர் எழுதியிருந்தார். நல்ல கட்டுரை. சினிமாவில் காட்டுவதுபோல் ஆளைக் கட்டிப்போட்டுத் துடிக்கவிடும் காரியம் அல்ல இது, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்வார்கள், அவை இல்லாமல் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று பயத்தைப் போக்கும்படி விளக்கியிருந்தார். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்கூடக் கொடுக்கலாம், இன்னாருக்கு அறவே கூடாது என்று யாரையும் தள்ளிவைக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

என் மனைவியின் காதில் ஆபரேஷன் செய்து பொருத்திய காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவியோடு வந்த சிறு புத்தகம் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதன் எச்சரிக்கைப் பக்கம் வேறு மாதிரி சொல்கிறது. இந்தக் கருவி உள்ளவருக்கு எந்த நிலையிலும் மின்னதிர்வு சிகிச்சை கொடுக்காதீர்கள், காதின் உட்பகுதியோ கருவியோ சேதமாகலாம் என்கிறது. யாருக்கும் தடை இல்லை என்று மருத்துவர்களின் புத்தகம், கூடவே கூடாது என்று கம்பெனியின் புத்தகம். 2023-இல் ஏழு வாரம் இந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் நாங்கள் கிடந்தோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மின்வாரியத்தில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. கரன்ட் எந்த வழியாக ஓடும் என்பது ஓரளவு தெரியும்.

என் மனைவிக்குப் பிறவியில் காதில் குறை எதுவும் இல்லை. 2014-இல் அவளுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தது. அப்போது அதற்குக் கனாமைசின் ஊசி மாதக் கணக்கில் போடுவார்கள். ஐந்தாறு மாதம் ஆனபோது, குக்கர் எத்தனை விசில் வந்தது என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டே கூடத்தில் இருக்கிற என்னைக் கேட்பாள். நான் சிரித்தேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. காசநோய் போயிற்று, கூடவே காதும் போயிற்று. உள்காதின் நுண்மயிர் செல்களை அந்த ஊசி அழித்துவிட்டது என்றார்கள். செல்லே இல்லாதபோது சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் சாதாரண ஹியரிங் எய்டால் பயன் இல்லை. ஆனால் நரம்பு நன்றாக இருந்தது. ஆகவே 2016-இல் இடது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட். அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அது 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். நாங்கள் வல்லம் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம்.

இந்தக் கருவி இரண்டு பாகம். காதில் மாட்டிக்கொள்ளும் ப்ராசஸரும், அதிலிருந்து ஒரு ஒயரில் போய்த் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயிலும் வெளிப்பாகம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றி வைப்பது இதைத்தான். இன்னொரு பாகம் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில், எலும்பின்மேல் தைத்து வைத்தது. அதில் ஒரு காந்தம், மின்சுற்று, அங்கிருந்து நத்தைக்கூடு போன்ற உள்காதுக்குள் சுருண்டு போகும் மெல்லிய இழை. என் மனைவியின் இழையில் 22 மின்முனைகள் இருக்கின்றன. இந்தப் பாகத்தை ஆபரேஷன் செய்யாமல் எடுக்க முடியாது. ஊர் உலகம் பார்ப்பது கழற்றி மேசைமேல் வைக்கிற பாகத்தை மட்டும்தான்.

2022 கடைசியில் அவள் அம்மா காலமானார். கொஞ்ச நாளில் இவள் ப்ராசஸரை மாட்டாமல் விட ஆரம்பித்தாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து நான் மாற்றி மாற்றி வைத்தேன். கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அப்புறம் பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது. ஒரு நாள் காலையில் இட்லியைப் பிட்டு எடுத்த கை வாய்க்குப் பாதி வழியில் அப்படியே நின்றது. கால் மணி நேரம் நின்றது. கேட்டடோனியா, அதாவது பேச்சும் அசைவும் உறைந்துபோகும் நிலை என்றார்கள். லொராசிபாம் ஊசி போட்டால் இரண்டு மணி நேரம் விழித்துக்கொள்வாள், திரும்பக் கல்லாகிவிடுவாள். 56 கிலோ இருந்தவள் 38-க்கு வந்தாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஏற்றினார்கள். இந்த நிலையில் மின்னதிர்வு சிகிச்சைதான் சரியான மருந்து என்று மனநல மருத்துவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான், இன்றைக்கும் அதில் எனக்கு மறுப்பு இல்லை.

பிழை வேறு இடத்தில் நடந்தது. புறநோயாளிச் சீட்டு எழுதியபோது நான், "காது கேக்காது டாக்டர், மெஷின் வச்சிருக்கோம்" என்று சொன்னேன். அவர் ஹியரிங் எய்ட் உபயோகிக்கிறார் என்று எழுதிக்கொண்டார். பொய் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் மெஷின் என்றுதான் சொல்வோம். அந்த ஒரு சொல்லில் ஆபரேஷனும் இல்லை, உள்ளே இருக்கும் உலோகமும் இல்லை. இதில் என் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிகிச்சைக்கு முதல் நாள் எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளிப்பாட்டச் சொன்னார்கள். மறுநாள் காலை, வெறும் வயிறு. தோடு, மூக்குத்தி, வளையல் கழற்றியாயிற்று. தாலிச் சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிறு. நர்ஸ் கையில் ஒரு படிவம், வரிசையாகக் கேட்டு டிக் போட்டுக்கொண்டே வந்தார். பல்செட் இல்லை. கண்ணாடி கழற்றியாயிற்று. ஹியரிங் எய்ட்? ப்ராசஸரையும் காயிலையும் எடுத்துக் கிட்னி ட்ரேயில் வைத்தார், டிக் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படிவம் கேட்டதை அவர் செய்தார். அந்த டிக்தான் ஆபத்து என்று எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மயக்க மருந்து கொடுக்க வந்தவர் வயதில் சின்னவர். தலையைச் சரியாக வைப்பதற்காக இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். இடது காதுக்குப் பின்னால் ஒரு மேடும் பழைய தழும்பும் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. உடனே வெளியே வந்து, "சார், இவங்களுக்குக் காதுல ஆபரேஷன் ஆயிருக்கா?" என்று கேட்டார். நான் பர்ஸிலிருந்து கருவியின் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் உள்ளே போனார். சிகிச்சை நின்றது. இத்தனைக்கும் அந்த அட்டை ஏழு வருடமாக என் பர்ஸில்தான் இருந்தது.

இரண்டு நெற்றிப்பொட்டிலும் மின்முனை வைத்துக் கொடுப்பதாகத் திட்டம். இந்தச் சிகிச்சையில் போகும் மின்னோட்டம் 800 மில்லி ஆம்பியர் அளவில் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீட்டில் மாட்டும் கசிவு காப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும் என்பது தெரிந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்தப் பயம் தேவையில்லை. இங்கே கரன்ட் இதயத்தின் வழியாகப் போவதில்லை, சில நொடிகள்தான் போகிறது, அதுவும் தொடர்ச்சியாக இல்லாமல் மில்லி நொடி அளவிலான துடிப்புகளாக. என் கவலை வேறு. மண்டையோடு மின்சாரத்துக்கு லேசில் வழி விடாது. கொடுப்பதில் பெரும்பகுதி தலைத்தோல் வழியாகவே சுற்றிக்கொண்டு போய்விடும், மிச்சம்தான் மூளைக்கு. சரி, அந்தத் தோலுக்கு அடியில்தானே எங்கள் கருவி உட்கார்ந்திருக்கிறது? அதன் இழையில் இருக்கும் 22 முனைகளும் கேட்பு நரம்பை ஒட்டி இருப்பவை. காது கேட்பதற்காக அவை செலுத்தும் மின்னோட்டம் சுமார் 2 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அவற்றுக்குப் பக்கத்தில் 800-ஐக் கொண்டுபோகிறோம் என்றால், கம்பெனி கூடாது என்று எழுதி வைத்ததில் வியப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். காலையில் எந்தக் கேள்வியும் கேட்காமல் கரன்ட் கொடுக்க இருந்த அதே மருத்துவமனை, மாலையில் "இனிமே இவங்களுக்கு ஷாக் கிடையாது, மருந்துலயே பாப்போம்" என்று கதவைச் சாத்தியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைக் கேட்கலாமே என்றேன். முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். செய்து பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். உள்ளே காந்தமே இருக்கிற தலைக்கு! காக்ளியர் இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்கு அதுவும் கூடாது. எலும்பும் தோலுமாகக் கிடக்கிறவளுக்கு மருந்து வேலை செய்யட்டும் என்று காத்திருப்பதும் ஓர் ஆபத்துதான் என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கேள்வியே கேட்காமல் கொடுக்கப் போனதும், கருவி என்று தெரிந்ததும் யோசிக்காமல் மறுத்ததும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பத்தொன்பது நாள் கழித்து வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே மனநல மருத்துவர், காது அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்களோடு பேசினார்கள். நானும் மகனும் எதிரில். கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள், பதில் நாங்கள் எதிர்பார்த்ததுதான், கூடாது. ஆனால் காக்ளியர் இம்ப்ளான்ட் உள்ள சிலருக்கு மின்னதிர்வு சிகிச்சை கொடுத்து, கருவிக்கு ஒன்றும் ஆகாமல் நோயாளி தேறியதாகத் தனித்தனி நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன என்றும் சொன்னார்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான், அதை வைத்துக்கொண்டு ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். ஒப்புதல் படிவத்தில் கையால் மூன்று வரி எழுதினார்கள்: கருவி பழுதாகலாம், மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம், இருக்கிற கேட்கும் திறனும் போகலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். காது போனாலும் பரவாயில்லை, ஆள் வேண்டும் என்று மகன் சொன்னான். காது போவது என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும்.

கருவி இடது காதில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு பக்கமாகக் கொடுக்கும் முறையில், வலது நெற்றிப்பொட்டில் ஒரு முனையும் உச்சிக்குச் சற்று வலப்புறம் இன்னொரு முனையும் வைப்பார்கள். பெரும்பாலானோருக்கு மொழி இடப்பக்க மூளையில் இருப்பதால், வலப்பக்கம் கொடுத்தால் ஞாபகத்துக்குச் சேதம் குறைவு. ஆகவே வழக்கமான பக்கமே கருவிக்கு எதிர்ப்பக்கமாகவும் அமைந்துவிட்டது. வலது காதில் வைத்தவர்களுக்குக் கணக்கு வேறு. இரண்டு காதிலும் வைத்துக்கொண்டவர்களுக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்றே கிடையாது.

சிகிச்சைக்கு முன்பு ஆடியாலஜிஸ்ட் 22 முனைகளின் மின்தடையையும் ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டார். ப்ராசஸர் வழியாகக் கம்ப்யூட்டரிலேயே அளக்கலாம், பத்து நிமிட வேலை. கேபிளின் தடையை மெக்கர் என்ற மீட்டர் வைத்துப் பார்ப்பதுபோலத்தான், எனக்குப் பழக்கமான சங்கதி. முதல் சிகிச்சை முடிந்ததும் மறுபடி அளந்தார். எண்கள் மாறவில்லை என்று பார்த்த பிறகே இரண்டாவது. வாரம் இரண்டு வீதம் எட்டு முறை நடந்தது. எட்டும் முடிந்து அளந்தபோதும் 22 முனைகளும் பழையபடியே இருந்தன.

இன்னொரு விஷயம், மருத்துவர்களே பலர் யோசிக்காதது. ப்ராசஸரைக் கழற்றினால் என் மனைவிக்கு முழுச் செவிடு. வலிப்பு முடிந்து மயக்கம் தெளிகிற நேரத்தில் யாருக்குமே குழப்பம் இருக்கும், நர்ஸ் காதருகே பேசித்தான் அமைதிப்படுத்துவார். இவளுக்கு எந்தக் குரலும் கேட்காது. முகமூடி போட்ட யார் யாரோ கையைப் பிடித்து அழுத்துகிறார்கள், வாயசைவும் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? முதல் முறை எழுந்து ஓடப் பார்த்தாள். இரண்டாம் முறையிலிருந்து என்னை மயக்கம் தெளியவைக்கும் அறைக்குள் விட்டார்கள். அதற்கும் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்: "நான் பக்கத்தில் இருக்கிறேன். சிகிச்சை முடிந்தது. மெஷின் என் கையில் இருக்கிறது. காபி வரும்." கண் திறந்ததும் அதைக் காட்டுவேன். படித்துவிட்டுத் தலையைச் சாய்த்து இடது காதைக் காட்டுவாள், நான் காயிலை ஒட்டவைப்பேன். மயக்க ஊசி ஏறும்வரை ப்ராசஸர் காதிலேயே இருக்கட்டும், தூங்கிய பிறகு கழற்றலாம் என்று மயக்கவியல் மருத்துவரும் சம்மதித்தார். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

ஐந்தாம் முறைக்குப் பிறகு தானே எடுத்துச் சாப்பிட்டாள். ஞாபகத்தில் ஓட்டை விழுந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதம் அவளிடம் இல்லை. பேத்திக்குக் காது குத்தியது அந்தச் சமயத்தில்தான், வீட்டிலேயே எளிமையாக. கூடத்தில் நாற்காலியில் அவளையும் உட்கார வைத்திருந்தோம். போட்டோவைக் காட்டினால், இது எப்போது என்கிறாள்.

என் மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து எல்லோருக்கும் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது படிவத்தில் ஒரு வரி. "ஹியரிங் எய்ட்" என்ற சொல்லுக்குக் கீழே இன்னொரு கேள்வி: தலையிலோ காதுக்குள்ளோ ஆபரேஷன் செய்து வைத்த கருவி ஏதாவது உண்டா? நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் காதுக்குப் பின்னால் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள். அதற்கு நேரமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு, அவசர சிகிச்சை என்ற பெயரில் மின்னதிர்வு கொடுக்க இடமே தரவில்லை. முன்கூட்டித் திட்டமிட்டு, ஒப்புதல் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். கருவி இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வேலை மறுப்பது அல்ல, காது மருத்துவரையும் ஆடியாலஜிஸ்டையும் கூப்பிடுவது.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் கதை, அபூர்வம் என்று தோன்றலாம். கருவியின் அளவுகளைச் சரிசெய்யும் மேப்பிங்குக்கு நாங்கள் போகும் இடத்தில் வரிசையில் இருப்பவர்கள் பாதிப்பேர் பிள்ளைகள். அரசின் திட்டத்தில் இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் கருவி வைத்த குழந்தைகளில் முதலில் வந்தவர்கள் இப்போது மீசை அரும்பி, கல்லூரிப் பையோடு வருகிறார்கள். மனநோய்கள் பல தலைகாட்டுகிற வயது அதுதான். அவர்களில் ஒருவர் என்றைக்காவது பேச்சற்ற நிலையில் ஒரு வார்டில் படுத்திருந்தால், கூட இருப்பவர் என் மாதிரியே "மெஷின் வச்சிருக்கோம்" என்றுதான் சொல்வார். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வாங்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த விண்ணப்பத்திலும் இந்தக் கேள்வி இருக்கட்டும். பெற்றோர்களே, "மெஷின்" என்று சொல்லாதீர்கள், "காதுக்குள் ஆபரேஷன் செய்து கருவி வைத்திருக்கிறது" என்று முழுதாகச் சொல்லுங்கள். அடையாள அட்டையைக் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். மனைவியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அனுப்புவதற்கு முன் அவளே படித்தும் பார்த்தாள். மயக்கம் தெளியும்போது நான் எழுதிக் காட்டிய அட்டையை பீரோவில் சிறு புத்தகத்தோடு வைத்திருக்கிறாள். அதை எடுத்து வந்து, "காபி வரும்னு எழுதியிருக்கீங்களே, வந்துதா?" என்று கேட்டாள். வந்தது, ஆஸ்பத்திரி காபிதான், நீ தெளிவதற்குள் ஆறிப்போயிருக்கும், நான்தான் குடித்தேன் என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய உதவிப் பொறியாளர்,
தஞ்சாவூர்.